கைதட்ட வரவில்லை என்றால் என் ஆராதனை பொய்யா?

சகோதரி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்தவர். பாமாலை என்னும் ஞானப்பாட்டுகளும் அச்சிட்ட ஆராதனை முறைமையும்தான் உங்களுக்குப் பழக்கம். திருமணத்துக்குப் பிறகு ஆறு ஆண்டுகளாகக் கணவருடைய பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறீர்கள். அங்கே எல்லோரும் கைதட்டி, கண்ணீர்விட்டு ஆராதிக்கும்போது உங்களுக்குள் ஒன்றும் அசைவதில்லை. வீட்டில் தனியாகப் பழைய பாமாலை ஒன்றை முணுமுணுக்கும்போதுதான் மனம் ஆண்டவரிடம் போகிறது. 'எழுதிவைத்த ஜெபம் செத்த ஜெபம்' என்று ஒரு பிரசங்கத்தில் கேட்ட நாளிலிருந்து உறுத்தல் அதிகமாகிவிட்டது. நான்கு வயது மகள் அங்கே சந்தோஷமாகக் கைதட்டிப் பாடுகிறாள், அவளை எதில் வளர்ப்பது என்றும் தெரியவில்லை. கடைசியில், 'ஆராதனையில் எனக்குப் பிடித்தது என்று ஒன்று இருக்கலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்தச் சபை சரி என்று நீங்கள் கேட்கவில்லை. ஒருவருக்கு எந்த முறை பிடிக்கிறது, எந்த முறையில் அவர் மனம் உருகுகிறது என்பதை வைத்து அவருடைய பக்தி உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். முடியாது என்பது என் பதில். ஆனால் அதோடு விட்டுவிட்டால் உங்களுக்கு உதவாது.

நான் 33 ஆண்டுகள் சபை ஊழியம் செய்து ஓய்வு பெற்ற போதகர். பாதிக் காலம் கிராமச் சபைகளில், மீதி நகரத்தில். இடையில் நான்கு ஆண்டுகள் ஒரு இறையியல் கல்லூரியில் வழிபாட்டியல் பாடம் நடத்தினேன். என் தங்கை குடும்பம் முழுக்கப் பெந்தெகொஸ்தே. அதனால் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆராதித்திருக்கிறேன், இரண்டு பக்கமும் சங்கடப்பட்டும் இருக்கிறேன்.

முதலில், எதில் எனக்குச் சந்தேகமே இல்லையோ அதைச் சொல்கிறேன். வேதாகமத்தில் ஆராதனைக்கு ஒரே ஒரு பாணி கிடையாது. 'சகல ஜனங்களே, கைகொட்டி' என்று 47ஆம் சங்கீதம் அழைக்கிறது. 'தேவனையே நோக்கி என் ஆத்துமா அமர்ந்திருக்கிறது' என்று 62ஆம் சங்கீதம் சொல்கிறது. ஒரே புத்தகம், ஒரே ஜனங்கள் பாடியது. எப்படித் தொழ வேண்டும் என்ற கேள்விக்கு இயேசு சமாரியப் பெண்ணிடம் சொன்ன பதிலிலும் இடமோ முறையோ வரவில்லை. எருசலேமா, இந்த மலையா என்று அவள் கேட்டாள். 'ஆவியோடும் உண்மையோடும்' என்றார் அவர்.

இன்னொன்றையும் பாருங்கள். பிள்ளைக்காக ஏங்கிய அன்னாள் சீலோ ஆலயத்தில் சத்தமே வராமல், உதடுகள் மட்டும் அசைய ஜெபம் செய்தாள். பார்த்த ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்து, 'நீ எதுவரைக்கும் வெறித்திருப்பாய்?' என்று அதட்டினான். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் சீஷர்கள் சத்தமாகப் பேசினார்கள். பார்த்தவர்கள் 'இவர்கள் மதுபானத்தினால் நிறைந்திருக்கிறார்கள்' என்று பரியாசம் பண்ணினார்கள். சத்தமில்லாத ஜெபத்துக்கும் அதே பழி, சத்தமான ஜெபத்துக்கும் அதே பழி. வெளியிலிருந்து பார்த்தவர்கள் இரண்டு இடத்திலும் தவறினார்கள். ஏலி சாதாரண ஆள் இல்லை, ஆயுள் முழுக்க ஆலயத்தில் நின்றவன். ஆராதனை முறை நன்றாகத் தெரிந்தவர்களுக்கே இந்தத் தவறு சுலபமாக வரும் என்று என் அனுபவத்திலும் பார்த்திருக்கிறேன். 'மனுஷன் முகத்தைப் பார்ப்பான். கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்' என்ற வசனத்தை நாம் அடுத்தவருக்குச் சொல்வோம். ஆராதனை விஷயத்தில் நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய வசனம் அது.

சரி, உங்களுக்குப் பாமாலை ஏன் பிடிக்கிறது? அது ஆவிக்குரிய பாட்டு என்பதால் மட்டும் இல்லை. உங்கள் அம்மா அடுப்படியில் பாடியது, பாட்டியின் அடக்கத்தில் பாடியது, அதனால் பிடிக்கிறது. ஆராதனை முறை தாய்மொழி மாதிரி. பேசத் தெரியாத வயதிலேயே உள்ளே போய்விடுகிறது. பிறகு கற்றுக்கொள்ளும் மொழியில் கடிதம் எழுதலாம், வியாபாரம் பேசலாம், ஆனால் வலியில் வாய்விட்டு அழுவது முதல் மொழியில்தான். உங்களுக்குள் 'ஒன்றும் அசையாததற்கு' காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அதைப் பக்திக் குறைவு என்று பெயரிட நான் மாட்டேன்.

ஆனால் இங்கே உங்கள் பக்கமும் கொஞ்சம் அசைய வேண்டும். நீங்கள் பரம்பரையாக வந்தது என்று நினைக்கும் பாமாலை நம் மண்ணில் முளைத்தது இல்லை. 1706இல் மிஷனரிகளான சீகன்பால்க்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பிறகு, ஜெர்மன் ஞானப்பாட்டுகளை அவற்றின் ராகம் மாறாமல் தமிழில் பெயர்த்துப் பாட வைத்தார்கள். அதே நூற்றாண்டில் பப்ரிசியுஸ் என்ற மிஷனரி அந்த வேலையைப் பெரிய அளவில் செய்தார். அப்புறம் ஆங்கிலப் பாட்டுகள் வந்து சேர்ந்தன. முதன்முதலில் கேட்ட நம் முன்னோருக்கு அவை எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழில் குறிலை இழுத்தால் வேறு சொல்லாகிவிடும். 'விடு' வீடாகும், 'படு' பாடாகும். ஐரோப்பிய ராகம் இதைக் கவலைப்படாது, தனக்கு வேண்டிய இடத்தில் நீட்டும். இன்றும் சில பாமாலைகளில் வரிகளை எழுத்தில் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டால் பொருள் பிடிபடாது. அப்படியிருந்தும் அது உங்களுக்கு அம்மாவின் குரலாகிவிட்டது. மூன்று தலைமுறை அழுதும் சிரித்தும் பாடினால் எந்த ராகமும் சொந்தமாகிவிடுகிறது.

நம் நாட்டு மெட்டில் அமைந்த கீர்த்தனைகளின் கதை இன்னும் கூர்மையானது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர், ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். இன்று எந்தத் தமிழ்ச் சபையிலும் அவருடைய பாட்டைப் 'பழைய பாரம்பரியம்' என்றுதான் சொல்வோம். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது, 1820களில், தஞ்சைக்குப் புதிதாக வந்த மிஷனரிகள் கோவிலில் இந்த இசை வேண்டாம் என்றார்கள். நாட்டு மெட்டும் தாளமும் அவர்கள் காதுக்கு அஞ்ஞான மார்க்கமாகப் பட்டன. சாஸ்திரியார் விடவில்லை, எதிர்த்து எழுதினார். தம் சபையாருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் என்று அவர் சொன்னவற்றில் தமிழ்ப் பாட்டைத் தடுத்ததும் ஒன்று. அப்புறம் காலம் மாறியது. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் இந்தப் பாட்டுகளின் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டு 1853இல் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை அச்சிட்டார். ஒரு தலைமுறையில் தள்ளுபடியான இசை அடுத்த தலைமுறையில் புத்தகமாகச் சபையின் கைக்கு வந்தது.

இதைச் சொல்லும்போது ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கக்கூடாது. சாஸ்திரியார் கொடுமை என்று சொன்னவற்றில், திருவிருந்தில், அதாவது அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனையில், சாதி வேறுபாடு பாராமல் எல்லோரையும் ஒன்றாக்கியதும் இருந்தது. பாட்டு விஷயத்தில் நான் முழுக்க அவர் பக்கம். திருவிருந்து விஷயத்தில் நான் அவருக்கு எதிர்ப்பக்கம். அவருடைய மனதில் இரண்டும் ஒரே மூச்சில் வந்திருக்கின்றன, 'நம்முடைய வழக்கம்' என்ற ஒரே பெயரில். வழிபாட்டில் 'எனக்குப் பிடித்தது' என்று நாம் சொல்லும்போது அதற்குள் எது பாட்டு, எது அந்தஸ்து என்று நமக்கே தெரியாமல் போய்விடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதே கேள்வியை நம் காலத்தில் கடுமையாக எழுப்பியவர் தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். 'பரட்டை' என்ற அவருடைய புனைபெயரைச் சொன்னால் இசை தெரிந்த கிறிஸ்தவர்கள் பலருக்குத் தெரியும், 2005இல் காலமானார். கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனை படித்தவருக்கும் மேல்சாதிக்கும் உரிய அழகு, சபையில் பெரும்பான்மையாக இருக்கும் தலித் மக்களின் இசை நாட்டுப்புற இசை, அதற்குக் கோவிலில் இடம் கொடுக்காமல் அவர்கள் மனப்பூர்வமாக ஆராதிக்க வேண்டும் என்று எப்படிக் கேட்பீர்கள் என்பது அவருடைய வாதம். கிராமத்து மெட்டில் முழு ஆராதனை முறையே அமைத்தார். பாடுகிறவர்கள் தங்கள் வாழ்க்கைக்கு ஏற்ப வரிகளை மாற்றிப் பாடலாம் என்பதையும் அந்த இசையின் பலமாகப் பார்த்தார்.

அவருடைய எழுத்தில் ஈர்க்கப்பட்டு நானும் ஒரு முறை செயலில் இறங்கினேன். கிராமச் சபை ஒன்றில் அறுப்பின் பண்டிகைக்குப் பறையைக் கோவிலுக்குள் அடிக்கலாம் என்று கமிட்டியில் சொன்னேன். இளைஞர்கள் சம்மதித்தார்கள். 70 வயதுப் பெரியவர் ஒருவர் எழுந்தார். 'ஐயா, இதை எடுத்துக்கிட்டு எழவு வீட்டு வாசல்ல நிக்கக்கூடாதுன்னுதான் எங்க தாத்தா இந்தக் கோயிலுக்கு வந்தாரு. நீங்க அதையே உள்ள கொண்டுவரேங்கிறீங்க' என்றார். அந்த அறையில் யாரும் பேசவில்லை. விடுதலையின் இசை என்று நான் படித்து வைத்திருந்தது அவருக்கு அடிமைத்தனத்தின் ஓசை. அவர் பேரனுக்கு அது மானத்தின் ஓசை. யாருடைய விருப்பம் உண்மையானது? இரண்டும்தான். அந்த ஆண்டு பறை வெளியே, அசனம் என்னும் சபை விருந்துப் பந்தலில் ஒலித்தது. பெரியவர் பந்தலுக்கு வந்து சாப்பிட்டார், பேரன் கோவிலுக்குள் வந்து கீர்த்தனை பாடினான். அதற்கு மேல் நல்ல முடிவு ஒன்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

ஆகவே 'விருப்பம்' என்பதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. அதற்குள் அம்மா இருக்கிறாள், ஊர் இருக்கிறது, பட்ட அவமானம் இருக்கிறது. கத்தோலிக்க நண்பர் ஒருவரின் பாட்டி, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியபோது, புரியாத பழைய மொழியை நினைத்து அழுதாராம். எல்லாம் புரியும்படி வந்த பிறகு ஏன் அழ வேண்டும் என்று அவர் பிள்ளைகளுக்குப் புரியவே இல்லை. எனக்குப் புரிகிறது, உங்களுக்கும் புரியும் என்று நினைக்கிறேன்.

இப்போது 'எழுதிவைத்த ஜெபம் செத்த ஜெபம்' என்ற பேச்சுக்கு வருகிறேன். இது தவறு என்று தயக்கமில்லாமல் சொல்வேன். சிலுவையில் இயேசு 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று கதறியது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. 'உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்' என்றது 31ஆம் சங்கீதத்தின் வரி. மரண வேதனையில் அவர் வாயில் வந்தவை எழுதிவைக்கப்பட்ட ஜெபங்கள், சிறுவயதிலிருந்து ஜெப ஆலயத்தில் கேட்டுப் பழகியவை. அவற்றைச் செத்த ஜெபம் என்று யார் சொல்வது?

என் ஊழியத்திலும் இதைக் கண்ணால் பார்த்தேன். நினைவு முழுக்கத் தப்பிப்போன ஒரு அம்மாவைச் சந்திக்க மாதம் ஒருமுறை போவேன். மகன் பெயர் தெரியாது, என்னையும் தெரியாது. கர்த்தருடைய ஜெபத்தை நான் தொடங்கினால் கூடவே சொல்லி 'ஆமென்' வரை வந்துவிடுவார். 23ஆம் சங்கீதம் சொன்னாலும் அப்படித்தான். தன் சொந்த வார்த்தைகள் எல்லாம் போன பிறகும் சபை கொடுத்த வார்த்தைகள் அவரிடம் இருந்தன. ஒரு விபத்தில் பிள்ளையை இழந்த வீட்டில் நான் என் சொந்த வார்த்தையில் ஜெபிக்க முயன்று, இரண்டு வாக்கியத்துக்கு மேல் வராமல் நின்றிருக்கிறேன். அன்று என்னைத் தாங்கியது அடக்க ஆராதனைப் புத்தகம்.

அதே சமயம் அந்தப் பிரசங்கியார் எதைப் பார்த்து அப்படிச் சொல்லியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். பாவ அறிக்கையை ரயில் அட்டவணை வாசிப்பதுபோல வாசித்துவிட்டு, நடுவில் கடிகாரத்தைப் பார்க்கும் சபைகளை நான் நடத்தியிருக்கிறேன். வாயினால் சேர்ந்து, உதடுகளால் கனம்பண்ணி, இருதயம் தூரமாய் விலகியிருக்கிற ஜனங்களைப் பற்றி ஏசாயா சொன்னது எங்களைப் போன்ற சபைகளுக்கு நேராகவே பொருந்தும். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபோது இது அந்தத் தலைமுறைக்கும் தெரிந்திருந்தது. 1950இல் வந்த அதன் புதிய திருவிருந்து முறைமையில், குருவானவர் முதுகைக் காட்டாமல் சபையைப் பார்த்து நிற்கவும், சமாதான வாழ்த்து கையிலிருந்து கைக்குக் கடைசி வரிசை வரை போகவும் வழி செய்தார்கள். அந்தக் கைவழிச் சமாதானம் கேரளத்துச் சுரியானி மரபிலிருந்து வாங்கியது. உயிரோட்டம் வேண்டும் என்று தேடித்தான் அதைச் சேர்த்தார்கள். இன்று பல இடங்களில் பக்கத்தில் நிற்பவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி முடித்துவிடுகிறோம். எந்த நல்ல முறையும் பழகப் பழக இப்படி மரத்துப்போகும்.

புத்தகம் இல்லாத ஆராதனைக்கும் இது நேரும். உங்கள் கணவரின் சபையில் நான்கு ஞாயிறு கவனித்துப் பாருங்கள். வேகமான பாட்டு எப்போது வரும், மெதுவான பாட்டு எப்போது வரும், எந்த இடத்தில் கீபோர்டு மட்டும் தணிந்து ஒலிக்கும், எந்தச் சொல்லுக்கு 'அல்லேலூயா' எழும் என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கும். அதுவும் ஒரு முறைமைதான், அச்சடிக்கவில்லை, அவ்வளவே. தமிழ்ப் பெந்தெகொஸ்தே ஆராதனைக்கும் இப்போது ஏறக்குறைய 100 வயது. 1920களில் இலங்கையில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனில் வளர்ந்த பாட்டிகளுக்கு அந்தக் கைதட்டலே பாரம்பரியம், உங்களுக்குப் பாமாலை இருப்பதுபோல.

இனி கண்ணீர் விஷயம். இங்கே எனக்கு நிச்சயம் குறைவு, அதனால் மெதுவாகவே சொல்கிறேன். இசைக்கு உடம்பை அசைக்கும் சக்தி உண்டு. ஒரே வரியைப் பதினைந்து முறை பாடி, ஒவ்வொரு முறையும் சுருதியை ஒரு படி ஏற்றி, டிரம்ஸ் மெல்லத் தொடங்கி வலுத்தால், விசுவாசம் இல்லாதவருக்கும் மயிர்க்கூச்செறியும். பாடகர் குழுவும் ஆர்கனும் கல்கோவிலின் எதிரொலியும் சேர்ந்தாலும் அதேதான். அப்படியானால் அந்த உணர்ச்சி ஆவியானவருடையதா, ராகத்தினுடையதா? ஆதித் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகஸ்தீனையே இந்தக் கேள்வி வாட்டியது. மிலான் நகரக் கோவிலில் பாட்டுகளைக் கேட்டுத் தாம் அழுததை அவர் மறக்கவில்லை, அது தமக்கு நன்மை செய்தது என்றும் சொன்னார். ஆனால் பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகம் அசைக்கும்போது தாம் பாவம் செய்ததாகவும் அறிக்கை செய்தார். இரண்டு பக்கமும் நின்று, கடைசியில் பாட்டு இருக்கட்டும் என்ற பக்கம் கொஞ்சம் சாய்ந்தார். 1520களில் சூரிச்சில் திருச்சபைச் சீர்திருத்தத் தலைவர் ஸ்விங்கிலி வேறு முடிவுக்குப் போனார். பல வாத்தியம் வாசிக்கத் தெரிந்த அந்த மனிதரின் தலைமையில்தான் அந்நகரத்துக் கோவில்களில் ஆர்கன் நிறுத்தப்பட்டது. தமக்கு மிகவும் பிடித்ததையே ஆராதனையிலிருந்து எடுத்துவிட்டார். அந்த முடிவு தவறு என்று நினைக்கிறேன். ஆனாலும் தம் ருசியைத் தேவ சித்தமென்று அவர் நினைக்கவில்லை என்பதை மதிக்கிறேன்.

என்னைக் கேட்டால், ராகமும் ஆவியானவரும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை. நம்மை உடம்போடு படைத்தவர் உடம்பின் வழியாகவும் தொடுவார். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஞாயிறில், ஒரு குறிப்பிட்ட கண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் நிற்பவர் சொல்ல முடியாது. பல சமயம் அழுகிறவருக்கே தெரியாது. ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் நானே தேம்பி அழுதேன். வீட்டுக்கு வந்த அன்றிரவே என் மனைவியிடம் மிகக் கொடுமையாகப் பேசினேன். அந்தக் கண்ணீர் பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன். அது வேலை செய்ய வேண்டிய இடம்வரை போகவில்லை என்று மட்டும் சொல்வேன். 'உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று' என்று ஆமோஸ் மூலம் கர்த்தர் சொன்னபோது ராகத்தில் குறை கண்டதாக ஒரு வரியும் இல்லை. பாடினவர்கள் ஏழையை மிதித்துக்கொண்டிருந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு.

இந்த இடத்தில் என்னுடைய ஒரு தவறைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியின் மறுபக்கம் அது. நகரச் சபையில் இருந்தபோது இளைஞர்கள் சாயங்கால ஆராதனையில் டிரம்ஸ் வைக்க அனுமதி கேட்டார்கள். 'அது ஆராதனைக்கு ஏற்றதல்ல' என்று மறுத்தேன். 'சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படக்கடவது' என்ற வசனத்தையும் எடுத்துக் காட்டினேன். உள்ளுக்குள் இருந்த உண்மை வேறு. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். 'எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் பேசுவோம்' என்று சொல்லியிருந்தால் அவர்கள் என்னோடு பேசியிருப்பார்கள். என் காதுக்குப் பிடிக்காததைக் கர்த்தருக்குப் பிடிக்காதது என்று சொல்லிவிட்டதால் அவர்களுக்குப் பேச வழியில்லாமல் போனது. இரண்டு ஆண்டுகளில் அதில் ஐந்தாறு பேர் எங்கள் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். உங்களிடம் 'எழுதிவைத்த ஜெபம் செத்த ஜெபம்' என்று சொன்னவரும் அன்று நான் செய்ததையே செய்கிறார் என்று நினைக்கிறேன். அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிடித்தது இருக்கலாமா என்று கேட்டீர்கள் அல்லவா, தாராளமாக இருக்கலாம். அதற்குக் கடவுளின் கையெழுத்தை நாமே போட்டுவிடக்கூடாது என்பதுதான் எச்சரிக்கை. உங்களுக்கும் இது பொருந்தும். அங்கே அழுகிறவர்களைப் பார்த்து 'வெறும் உணர்ச்சி' என்று உங்கள் மனம் ஒரு முறையாவது சொல்லியிருந்தால், அங்கே ஏலியின் இடத்தில் நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள்.

நீங்கள் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள். உள்ளே ஒன்றும் இல்லாமல் கையை உயர்த்தினால் அது மாய்மாலம்தானே என்று. எதற்காக உயர்த்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பக்கத்தில் இருப்பவர்கள் 'இவளும் அபிஷேகம் பெற்றவள்' என்று நினைக்க வேண்டும் என்று உயர்த்தினால் அது மாய்மாலம், செய்யாதீர்கள். ஆனால் மனம் வறண்டிருக்கும்போது உடம்பை முன்னே அனுப்புவது மாய்மாலம் ஆகாது. நம் கோவிலில் முழங்கால்படியிடும் ஒவ்வொரு முறையும் உங்கள் மனம் தாழ்ந்துதான் இருந்ததா? முழங்கால் முதலில் போகும், சில நாள் மனம் பின்னால் வரும், சில நாள் வராது. கைக்கும் அப்படியே. உயர்த்த முடியவில்லை என்றால் அமைதியாக நில்லுங்கள். அன்னாளுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் விருப்பத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலில் பேசும், கற்காத மொழி) பேசாதவர் இரட்சிக்கப்படாதவர் என்று உங்களிடம் யாராவது சொன்னால், அது பாணி பற்றிய பேச்சு இல்லை, உபதேசம் பற்றியது. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை அப்படிப் போதிப்பதும் இல்லை. பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்கு அது அடையாளம் என்பார்கள், இரட்சிப்பு வேறு என்பார்கள். 'எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?' என்று பவுல் கொரிந்தியரைக் கேட்டதற்கு, இல்லை என்பதே அவர் எதிர்பார்த்த பதில். உங்கள் சபையில் என்ன போதிக்கிறார்கள் என்று மேய்ப்பரிடம் நேரில் கேளுங்கள், கணவரையும் கூட வைத்துக்கொண்டு. அவர் என்ன சொல்வார் என்று இங்கிருந்து நான் ஊகிக்கக்கூடாது.

நடைமுறையில் நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பாமாலைப் புத்தகத்தை ஒளித்து வைத்துப் பாடாதீர்கள், குடும்ப ஜெபத்தில் எடுத்து வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் நீங்கள் பாட்டைத் தேர்ந்தெடுங்கள், ஒரு நாள் உங்கள் கணவர். அவருடைய சபையில் பாடும் பாட்டுகளில் ஒன்றை எடுத்து, இசை இல்லாமல் வரிகளை மட்டும் மெதுவாக வாசித்துப் பாருங்கள். 'ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்' என்று பவுல் சொன்னதில் உங்களுக்குக் கருத்தின் வாசல் சுலபமாகத் திறக்கும் என்று தோன்றுகிறது, அந்த வழியாகவே உள்ளே போங்கள். சில பாட்டுகளில் வேத வசனம் அப்படியே இருக்கும், சிலவற்றில் 'நான், எனக்கு, என்னை' தவிர அதிகம் இருக்காது. பின்னதை விட்டுவிடலாம், அதில் குற்றமில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு உங்கள் தாய்ச் சபையின் திருவிருந்துக்குப் போக முடியுமா என்றும் கணவரிடம் பேசிப் பாருங்கள். இது எல்லாக் குடும்பத்திலும் நடக்காது என்பது தெரியும். மாமியார் வீட்டில் இதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதை என்னால் கணக்குப் போட முடியாது.

மகளைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அவள் கைதட்டட்டும். இரவில் தூங்க வைக்கும்போது நீங்கள் முணுமுணுக்கும் அந்தப் பாமாலையை அவள் காதில் பாடுங்கள், அது என்ன, யார் உங்களுக்குப் பாடிக் காட்டினார்கள் என்று பாட்டியின் கதையோடு சொல்லுங்கள். உங்கள் கணவரிடமும் கேளுங்கள், அவரை முதன்முதலில் அழ வைத்த பாட்டு எது, எங்கே, யார் பாடியது என்று. ஆறு ஆண்டுகளில் அவரிடம் அதைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.